ஏற்கெனவே உயர்த்திய வண்டியை இன்னும் உயர்த்தலாமா?

ஆகஸ்ட் கடைசி ஆனால் போதும், பட்டறைக்கு ஒரே மாதிரிப் போன்கள் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, மழைக்கு முன்னாடி வண்டியை இன்னும் ரெண்டு இன்ச் ஏத்திக் கொடுங்க." 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் வேளச்சேரியையும் முடிச்சூரையும் மூழ்கடித்த பிறகு இது அதிகமாகிவிட்டது. அடுத்த வருடம் அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்திய ஊர் நம் ஊர். அந்தப் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

இருபது வருடங்களுக்கு மேலாக சஸ்பென்ஷன் (வண்டியை வீல்களின் மேல் தாங்கும் ஸ்பிரிங், ஷாக் எல்லாம்), அலைன்மென்ட் (வீல்களின் கோணத்தைச் சரிசெய்வது) வேலைதான் பார்க்கிறேன். இரண்டாவது கையிலோ மூன்றாவது கையிலோ வாங்கிய பழைய எஸ்யூவி, அதை முன்பே யாரோ ஒருமுறை உயர்த்தியிருக்கிறார்கள், இப்போது அதன் மேல் இன்னொரு லிஃப்ட் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் எல்லோருடைய மனதிலும் ஒரு கூட்டல் கணக்கு இருக்கிறது: ஏற்கெனவே இரண்டு இன்ச், இப்போது இரண்டு இன்ச், மொத்தம் நான்கு. சஸ்பென்ஷன் அப்படிக் கூட்டிக்கொண்டே போவதில்லை. வீலைத் திரும்ப விடும் பால் ஜாயின்ட் எவ்வளவு சாயலாம், குலுக்கலை அடக்கும் ஷாக் எவ்வளவு நீளலாம், பிரேக் எண்ணெய் போகும் ஹோஸ் எவ்வளவு இழுபடலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை வைத்துத்தான் கம்பெனி செய்து கொடுக்கிறது. அந்த எல்லைக்குள் இருந்த மிச்சத்தை முதல் லிஃப்ட் எடுத்துக்கொண்டது. இரண்டாவது லிஃப்ட்டுக்குக் கொடுக்க வண்டியிடம் எதுவும் பாக்கி இல்லை.

சமீபத்தில் வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். மறைமலை நகரில் செய்த பழைய ஃபோர்டு எண்டெவர், ஃபோர் வீல் டிரைவ். முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்கேறி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி; பின்பக்கம் கமான் பட்டை, அதாவது வில் மாதிரி வளைந்த பட்டை அடுக்கு. கொண்டுவந்த தம்பி ஐ.டி.யில் வேலை பார்ப்பவர். நான்கு வருடங்களுக்கு முன் வேறு இடத்தில் முன்னும் பின்னும் இரண்டு இன்ச் ஏற்றியிருந்தார். "லிஃப்ட் உட்கார்ந்துடுச்சு அண்ணா, பின்னாடி தாழ்ந்த மாதிரி இருக்கு. இன்னொரு பிளாக் போட்டுடுங்க" என்றார். பிளாக் என்பது பட்டைக்கும் ஆக்சிலுக்கும் (இரண்டு வீல்களையும் இணைக்கும் தண்டு) நடுவே உயரத்துக்காக வைக்கும் கட்டை.

நான் முதலில் எடுப்பது டேப். வீல் நடுப்புள்ளியில் இருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளப்பேன். டயர் அளவு மாறியிருந்தாலும் காற்று குறைந்திருந்தாலும் இந்த அளவு ஏமாற்றாது. அந்த வண்டியில் வலது பின்பக்கம் இடதைவிட 18 மி.மீ. தாழ்ந்திருந்தது. ஒரிஜினல் உயரத்தோடு ஒப்பிட்டால் பின்பக்கத்தின் சராசரி உயர்வு வெறும் 10 மி.மீ. தான். உள்ளே 50 மி.மீ. பிளாக் இருக்கிறது, வெளியே 10 மி.மீ. தான் தெரிகிறது. மிச்சம் 40 எங்கே போனது? பட்டைகள் தொய்ந்துபோய் அதைச் சாப்பிட்டுவிட்டன. வில் மாதிரி வளைந்திருக்க வேண்டிய பட்டை ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்தது. தொய்ந்த பட்டையின் மேல் இன்னொரு பிளாக் வைப்பது, கால் ஒடிந்த நாற்காலிக்கு மெத்தை போடுவது போல.

பிளாக் மேல் பிளாக் வைப்பதைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்தவற்றில் உயிருக்கே ஆபத்தான வேலை இதுதான். பின் ஆக்சில் சும்மா எடையைத் தாங்கிக்கொண்டு நிற்பதில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு பக்கமும், பிரேக் பிடிக்கும்போது எதிர்ப்பக்கமும் சுழலப் பார்க்கிறது. அந்த முறுக்கைத் தாங்குவது பட்டைதான். நடுவில் பிளாக் உயர உயர அது ஒரு நெம்புகோல் ஆகிறது. பட்டை எஸ் மாதிரி வளைகிறது. ஒரே பிளாக் என்றால் பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டின் இறுக்கமும் பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலையும் அதைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு பிளாக் என்றால் ஒன்றின் முளை மற்றதன் துளையில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். யூ போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் ஒன்று நழுவலாம். நழுவினால் அந்தப் பக்க ஆக்சில் இடம் மாறும், வண்டி ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. வெளிவட்டச் சாலையில் பக்கத்தில் டிரெய்லர் போய்க்கொண்டிருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கழற்றிய பழைய யூ போல்ட்டையே திரும்பப் பூட்டும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. யூ போல்ட் இறுக்கும்போதே இழுபட்டு வேலை செய்கிற பொருள். கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். போட்டு 500 கி.மீ. ஓடியதும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பார்க்க வேண்டும்.

முன்பக்கம் வேறு கதை. டார்ஷன் பார் வண்டியில் ஒரு போல்ட்டை முறுக்கினால் மூக்கு தூக்கிவிடும். பத்து நிமிட வேலை, பார்ட்ஸ் செலவு இல்லை. அதனால்தான் எல்லோரும் செய்கிறார்கள். முறுக்கினால் ஸ்பிரிங் பலமாகிவிடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். பார் அதேதான், அதன் பலமும் அதேதான்; வீலைப் பிடித்திருக்கும் ஆர்ம் நிற்கும் கோணம் மட்டும் மாறுகிறது. ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். வீல் மேலும் கீழுமாக மொத்தம் 200 மி.மீ. நகரலாம், நிற்கும் இடத்தில் இருந்து மேலே 110, கீழே 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ஏற்றினால் கீழே போக 40 தான் மிச்சம். இன்னொரு 50 ஏற்றப் போனால் 40 வரும்போதே ஆர்ம் தடுப்பு ரப்பரில் போய் முட்டி நின்றுவிடும். ரோட்டில் ஒரு குழி வந்தால் வீல் அதற்குள் இறங்க இடமே இல்லை. டயர் தரையை விட்டுக் கிளம்பும். ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டி இறங்கும்போது முன்னால் "டக்" என்று ஒரு இரும்புச் சத்தம் கேட்கிறதா? அது இந்த முட்டல்தான். அந்தத் தம்பியின் வண்டியில் அது ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்ததாம். ஷாக் போய்விட்டது என்று இரண்டு முறை ஷாக் மாற்றியிருக்கிறார்.

ராம்ப்பில் ஏற்றிப் பார்த்தால் முன் ஆக்சில் மூட்டுகளை மூடும் ரப்பர் பூட் இரண்டும் கிழிந்து, வீலின் உள்பக்கம் முழுக்கக் கருப்பு கிரீஸ். ஆக்சில் ஷாஃப்ட் எப்போதும் சாய்ந்தே சுழன்றதில் ரப்பர் மடிப்புகள் ஒன்றோடு ஒன்று உரசிக் கிழிந்திருக்கின்றன. ஸ்டீயரிங்கை வீலோடு இணைக்கும் டை ராடும் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. அப்படி இருக்கும்போது ஒவ்வொரு குழியிலும் வீல் தானாகவே கொஞ்சம் திரும்பும். ஸ்டீயரிங் கையை இழுக்கிறது என்று அவர் சொன்னதற்குக் காரணம் இதுதான். நின்ற நிலையில் அலைன்மென்ட் எத்தனை முறை செய்தாலும் இது சரியாகாது, டயர் ஒரு ஓரமாகத் தேய்வதும் நிற்காது.

பிரேக் பற்றி நான் சொல்லப் போவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது வீல் லாக் ஆகாமல் காக்கும் வசதி) இல்லாத பழைய வண்டிகள் பலவற்றில் பின் ஆக்சிலுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி போகும். அது ஒரு வால்வை அசைக்கும். லோடு சென்சிங் வால்வு என்போம். வண்டியில் ஆள் ஏறி பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலியாக இருந்து பின்பக்கம் உயர்ந்தால் வீல் லாக் ஆகாமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். இப்போது நீங்கள் பிளாக் வைத்து பின்பக்கத்தை உயர்த்திவிட்டீர்கள். ஏழு பேரும் மூட்டை முடிச்சும் ஏறியிருந்தாலும் வால்வுக்கு வண்டி காலி என்றுதான் தெரியும். பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். ஓ.எம்.ஆர். சிக்னலில் இது தெரியாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முழு லோடோடு இறங்கும்போது தெரியும். லிஃப்ட் போட்டவர் அந்தக் கம்பியின் பிராக்கெட்டைச் சரிசெய்தாரா என்று கேளுங்கள். அது என்ன கம்பி என்று அவர் உங்களையே திருப்பிக் கேட்டால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பிரேக் ஹோஸையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இதில் என் தவறும் இருக்கிறது. பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் கேட்டார் என்று, ஏற்கெனவே உயர்த்தியிருந்த ஒரு வண்டியில் நானே இன்னொரு பிளாக் வைத்துக் கொடுத்தேன். சேஸிஸில் இருந்து பின் ஆக்சிலுக்கு வரும் ஹோஸைத் தரையில் நின்ற நிலையில் மட்டும் பார்த்தேன், தொங்கவிட்டுப் பார்க்கவில்லை. அடுத்த சர்வீஸுக்கு வந்தபோது ஹோஸின் கழுத்தில் விரிசல் விட்டு எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் அவர் மனைவி, பிள்ளைகளோடு கொல்லிமலையின் 70 வளைவுகளும் ஏறி இறங்கிவிட்டு வந்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு எந்த வண்டியானாலும் சேஸிஸில் ஜாக்கி கொடுத்து, ஆக்சிலை முழுசாகத் தொங்கவிட்டு, ஹோஸில் தளர்ச்சி இருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பார்க்காமல் வெளியே அனுப்புவதில்லை.

கவிழும் ஆபத்துக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இடது, வலது வீல்களுக்கு நடுவே உள்ள அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அகலம் 1.5 மீட்டர், ஈர்ப்பு மையம் 70 செ.மீ. உயரம் என்றால் விடை 1.07. நான்கு இன்ச் லிஃப்ட்டில் வீலும் ஆக்சிலும் கீழேயே இருந்துவிடுவதால் மையம் சுமார் 8.5 செ.மீ. ஏறும், விடை 0.96 ஆகிவிடும். எண் குறையக் குறைய வண்டி சுலபமாகக் கவிழும். திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்து ஸ்டீயரிங்கை வெட்டும்போதுதான் இந்த வித்தியாசம் தெரியும். மேலே கேரியரில் சாமான் ஏற்றினால் இன்னும் மோசம்.

சரி, இத்தனைக்கும் பிறகு தண்ணீருக்காவது லிஃப்ட் உதவுகிறதா? பின்பக்கம் முழு ஆக்சில் உள்ள வண்டியில் தரைக்கு மிக அருகில் இருப்பது கிரவுன் ஹவுசிங், அதாவது ஆக்சிலின் நடுவே கியர்களும் எண்ணெயும் இருக்கும் கூடு. சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் அது ஒரு மி.மீ. கூட ஏறாது. டயர் பெரிதானால்தான் அது ஏறும். 16 இன்ச் வீலில் 245/70 டயரை எடுத்துவிட்டு 265/70 போட்டால் விட்டம் 28 மி.மீ. கூடும், அதில் பாதி, அதாவது 14 மி.மீ. ஹவுசிங்குக்குக் கிடைக்கும். அவ்வளவுதான். ஓடிச் சூடாக இருக்கும் ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் என்கிற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மழை முடிந்து ஜனவரியில் நான் திறக்கிற கிரவுன்களில் பலவற்றில் எண்ணெய் பால் ஊற்றிய டீ நிறத்தில்தான் வரும். அந்தப் பிரீதருக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி இன்ஜின் பக்கம் மேலே கொண்டுபோய்விட்டால் போதும். லிஃப்ட்டுக்கு ஆகும் செலவில் ஒரு மூலைக்குக்கூட வராது. இன்னொன்று, ஓடும் தண்ணீர் இரண்டு அடி ஆழம் இருந்தால் எஸ்யூவியையும் தூக்கிக்கொண்டு போய்விடும். உயர்த்திய வண்டி என்கிற தைரியத்தில் அதில் இறங்காதீர்கள்.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் கொடுக்கிறது. 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும் பழைய வண்டிக்கு இந்தக் கேள்வி நேரடியாகவே வரும். விபத்து ஆகி இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் சர்வேயர் கண்ணில் முதலில் படுவது அந்த பிளாக்தான்.

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் வண்டிக்கு அடியில் நிற்கவைத்தே காட்டினேன். நிறையக் கேள்வி கேட்டார், கோபப்படவில்லை. அப்புறம் ஒரு வழியாக எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது என்று முடிவானது. பிளாக்கை எடுத்தோம். பழைய பட்டையை அடித்து வளைத்துத் தரட்டுமா என்று பக்கத்துப் பட்டறையில் கேட்டார்கள். சரியான ஹீட் ட்ரீட்மென்ட் இல்லாமல் வளைத்த பட்டை மறுபடி தொய்ந்துவிடும் என்பதால் வேண்டாம் என்றேன். ஒரிஜினல் அளவில் புதிய பட்டை செட், புதிய ரப்பர் புஷ், புதிய யூ போல்ட். பட்டையின் முனையைப் பிடிக்கும் ஷேக்கிள் போல்ட்களை வண்டி நான்கு வீலிலும் தரையில் நின்ற பிறகுதான் இறுக்கினோம். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும். முன்னால் டார்ஷன் பாரை ஒரிஜினல் அளவுக்கு இறக்கி, பூட் மாற்றி, கடைசியாக அலைன்மென்ட். ஹெட்லைட்டும் கீழே இறக்கினோம். நான்கு வருடமாக அது எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடித்துக்கொண்டிருந்தது. பிரீதர்களுக்கும் குழாய் மாட்டினோம்.

முடிந்ததும் டேப்பை அவர் கையிலேயே கொடுத்தேன். பின்பக்கம், பிளாக் எதுவும் இல்லாமல், அவர் கொண்டுவந்தபோது இருந்ததைவிடச் சரியாக 10 மி.மீ. தான் குறைவு. இரண்டு தடவை அளந்து பார்த்தார்.

500 கி.மீ. ஓடிவிட்டு யூ போல்ட் பார்க்கச் சொன்ன தேதிக்குத் தவறாமல் வந்தார். எட்டு நட்டில் மூன்று மட்டும் தலா கால் சுற்று ஏறின. ஸ்பீடு பிரேக்கரில் இப்போது சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எந்தச் சத்தம் அண்ணா?" என்றார்.