சிப்பி விழுங்கிய நஞ்சு எப்போது வெளியேறும்?

1793ஆம் ஆண்டு, கனடாவின் மேற்குக் கரையை அளந்துகொண்டிருந்த கேப்டன் வான்கூவரின் ஆட்கள் சிலர், பாறையில் ஒட்டியிருந்த மஸ்ஸல் மட்டிகளைச் சுட்டுக் காலை உணவாக்கினார்கள். சற்று நேரத்தில் முகமும் கைகால்களும் மரத்துப்போயின. நண்பகல் தாண்டிச் சிறிது நேரத்தில் ஜான் கார்ட்டர் என்ற மாலுமி இறந்துபோனார்.

மட்டி கெட்டுப்போனதல்ல. நஞ்சும் அது சுரந்ததல்ல, தின்றது. மட்டிகள் நீரைச் செவுள் வழியே உறிஞ்சி, அதிலுள்ள நுண்பாசிகளை வடித்தெடுத்து உண்கின்றன. அலெக்ஸாண்ட்ரியம் போன்ற பாசிகள் பெருகும் நாட்களில், அவற்றிலுள்ள சாக்ஸிடாக்ஸின் செரிமானச் சுரப்பியில் சேர்ந்துகொண்டே போகும். நரம்புகளில் சோடியம் நுழையும் வாயிலை அடைத்துவிடுவதே இந்த நஞ்சின் வேலை. மூச்சை இயக்கும் தசைகள் செயலிழந்தால் மனிதர் பிழைப்பது அரிது.

அப்படியானால் மட்டி ஏன் சாவதில்லை? மென்னோட்டு மட்டி ஒன்றில் விடை கிடைத்தது. நச்சுப் பாசி அடிக்கடி வரும் கரைகளில் வாழும் அவற்றில் பலவற்றுக்கு, அந்த வாயிலின் அமைப்பையே மாற்றும் ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. நஞ்சு அங்கே சரியாக ஒட்டுவதில்லை. தனக்கு வலிக்காததால் அது தயங்காமல் தின்கிறது; அதனாலேயே நமக்கு இன்னும் ஆபத்தாகிறது!

பாசி அடங்கியதும் குடலில் இருப்பது விரைவில் கழிந்துவிடும். திசுக்களில் ஏறியதுதான் இழுத்தடிக்கும். மஸ்ஸல் பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடுகிறது. பட்டர் கிளாம் என்ற மட்டியோ நீரை உறிஞ்சும் தன் குழாயில் நஞ்சை இரண்டு ஆண்டுகள் வரை வைத்திருக்கக்கூடும். சாக்ஸிடாக்ஸின் என்ற பெயரே அதன் பேரினமான சாக்ஸிடோமஸிலிருந்து வந்ததுதான். 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு மஸ்ஸல்களால் 100க்கும் மேற்பட்டோர் நோயுற்றது டோமாயிக் அமிலம் என்ற வேறொரு நஞ்சால். மஸ்ஸல் அதைச் சீக்கிரமே கழித்துவிடும். ரேஸர் கிளாம் மாதக்கணக்கில் விடாது.

சமைத்தாலும் உறையவைத்தாலும் இந்த நஞ்சுகள் அழிவதில்லை. தூய நீர்த்தொட்டியில் ஓரிரு நாள் விட்டால் பாக்டீரியா குறையும். திசுவில் ஏறிய நஞ்சு அந்த அவசரத்துக்கு மசியாது. நீரின் நிறத்தையும் நம்ப முடியாது. கடல் தெளிந்திருந்தாலும் சதையை ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள். கிலோவுக்கு 800 மைக்ரோகிராம் சாக்ஸிடாக்ஸின் என்ற வரம்பைத் தாண்டினால் அறுவடைக்குத் தடை தொடரும்.