கசிந்தால்தான் குளிரும்

புதுப் பானையில் நீர் நிரப்பிய மறுநாள் வெளிப்புறம் ஈரம் படர்ந்திருந்தால், சிலர் அதை ஓட்டைப் பானை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதைக் கேட்கும்போது மனம் கனக்கிறது. அந்த ஈரத்துக்காகத்தானே குயவர் அவ்வளவு பாடுபட்டார்!

களிமண்ணோடு மணலைக் கலந்து மிதிக்கும்போதே கசிவுக்கான வேலை தொடங்கிவிடுகிறது. சக்கரத்தில் வனைந்ததை அரைகுறையாக உலரவிட்டு, உள்ளே ஒரு கல்லை அண்டக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி வயிற்றை மெலிதாக விரிக்கிறார். சூளையின் சூடு பெரும்பாலும் 600 முதல் 900 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் மண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஆனால் உருகி இறுகுவதில்லை. ஆகவே நடுவே நுண்துளைகள் தங்கிவிடுகின்றன. 1,200 டிகிரிக்கு மேல் சுடப்படும் பீங்கானில் இவை அடைபட்டுப்போகும்.

துளைகள் வழியே வெளியே வரும் நீர் ஆவியாக வெப்பம் வேண்டும். அதைப் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் தேவை. 10 லிட்டர் பானையில் வெறும் 100 மில்லி ஆவியானால், மீதி நீர் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிரும். வெளியிலிருந்து வெப்பம் புகாதிருந்தால் என்பது இந்தக் கணக்கு; உண்மையில் கொஞ்சம் குறையும்.

சென்னையில் இதற்கு இன்னொரு எல்லையும் உண்டு. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகிவிடும். 40 டிகிரி வெயிலில் வறண்ட மேல்காற்று வீசி, ஈரப்பதம் 30 விழுக்காடாக இருந்தால், பானை நீர் 26 டிகிரியை நெருங்க முடியும். பிற்பகலில் கடல் காற்று நுழைந்து, வெப்பம் 35 ஆகக் குறைந்து, ஈரப்பதம் 65 ஆக உயர்ந்தால் அந்த எல்லை 29க்கு ஏறிவிடுகிறது. ஊர் நமக்கு இதமாகும் நேரத்தில் பானைக்கு வேலை கடினமாகிறது! காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தால் ஓரளவு ஈடுகட்டலாம்.

கோடையில் சாலையோரம் வந்து இறங்கும் பானைகளில் பளபளக்கும் வண்ணம் பூசியவை கண்ணைப் பறிக்கும். தயவுசெய்து அவற்றைத் தண்ணீருக்கு வாங்காதீர்கள். பூச்சு துளைகளை மூடிவிடுகிறது. அழகு வேண்டுமானால் செம்மண் குழம்பு பூசிச் சுட்டதே போதும்.

நம் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பும் இதே தீங்கைச் செய்கிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்துத் துளைகளை அடைக்கிறது. இரண்டு மாதத்தில் பானை குளிர்விக்கவில்லை என்று தூக்கி எறிய வேண்டாம். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சோப்பு வேண்டாம், துளைக்குள் புகுந்த சோப்பு, குடிக்கும் நீரில் ருசியாகத் திரும்பி வரும். பிறகு நிரப்பி வையுங்கள். மறுநாள் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், கை நனைகிறதா என்று.