வேரழுகலுக்கு மருந்து தேடும் முன் தண்ணீரில் கையை விட்டுப் பாருங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலும் ஒரே புகார்தான். "தண்ணியிலதான் நிக்குது தம்பி, ஆனா மத்தியானம் ஆனா துவண்டு போகுது." மாடியில் மண்ணில்லாமல் வாளியில் கீரை போட்டவர்களும் சரி, போத்தலில் மணி பிளாண்ட் வைத்தவர்களும் சரி, அடுத்துக் கேட்பது என்ன மருந்து ஊற்றலாம் என்றுதான். தண்ணீர் எவ்வளவு சுடுகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். பலர் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

வேரும் மூச்சு விடும். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன்தான் அதற்குக் காற்று. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 35 டிகிரியில் அது 7 மில்லிகிராமாக இறங்கிவிடும். ஆனால் சூடு ஏற ஏற வேருக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கூடுகிறது. இப்படித் திணறிக் கிடக்கும் வேரில்தான் பித்தியம் என்ற வேரழுகல் கிருமி நுழைகிறது. பூஞ்சை என்று சொல்லிப் பழகிவிட்டோம், உண்மையில் அது பூஞ்சை இனமே இல்லை. அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தியே வேரைத் தேடிப் போகும். அதில் பித்தியம் அஃபனிடெர்மாட்டம் என்ற வகைக்கு 30 டிகிரிக்கு மேற்பட்ட சூடு என்றால் கொண்டாட்டம்.

பூஞ்சை இல்லை என்பதை வேலையில்லாமல் சொல்லவில்லை. அழுகல் என்றதும் பலர் கார்பெண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை வாங்கிக் கரைக்கிறார்கள். பித்தியத்திடம் அது எடுபடாது. காசும் போய், சாப்பிடுகிற கீரையில் விஷமும் ஏறியதுதான் மிச்சம்.

சரி, அழுகல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். உரக்கரைசலின் சாயம் ஏறி நல்ல வேரும் பழுப்பாகத் தெரியும். ஒரு வேரை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மெதுவாக உருவுங்கள். நல்ல வேர் விறைப்பாக நிற்கும். அழுகிய வேரின் மேல்தோல் வழவழவென்று விரலோடு வந்துவிடும், உள்ளே மெல்லிய நூல் மட்டும் மிஞ்சும். விரலை மோந்து பாருங்கள், சாக்கடை வாடை அடிக்கும். இதற்கு மேல் சோதனைக்கூடம் வீட்டுக்குத் தேவையில்லை.

மொட்டை மாடியில் கறுப்பு வாளியை வைத்துவிட்டு வேர் பிழைக்க வேண்டும் என்றால் நம்ம ஊர் வெயிலில் நடக்காது. கரைசல் 18 முதல் 24 டிகிரிக்குள் இருந்தால் உத்தமம். கோடையில் இங்கே அது எட்டாது, 28க்குள் நிறுத்தினாலே பாதிக் கவலை தீரும். இந்த விஷயத்தில் செட்டிநாட்டு வீடு கொடுத்து வைத்தது. வளவை, அதாவது நடுமுற்றத்தை, சுற்றிய தாழ்வாரத்தில் வெளிச்சமும் உண்டு, ஆத்தங்குடிக் கல் தரையில் குளிர்ச்சியும் உண்டு. மாடிதான் கதி என்றால் நிழல்வலை கட்டி, வாளிக்கு வெளியே வெள்ளை அடித்து, ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். ஒளி உள்ளே புகக் கூடாது, புகுந்தால் பாசி பிடிக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய பீங்கான் ஊறுகாய் ஜாடி கண்ணாடிப் போத்தலைவிட எவ்வளவோ மேல். பித்தளை, செம்புப் பாத்திரங்கள் மட்டும் வேண்டாம். செம்பு கரைந்தால் வேருக்கு ஆகாது.

இங்கே மட்டும் அடிக்கடி பார்க்கும் சிக்கல் ஒன்று உண்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வாரம் ஒரு நாள் வந்து வாளியை விளிம்பு வரை நிரப்பிவிட்டுப் போவார். பம்ப் இல்லாத வாளி முறையில் தண்ணீர் இறங்க இறங்க மேல் பாதி வேர் காற்றில் வாழப் பழகியிருக்கும். அதை ஒரேயடியாக மூழ்கடித்தால் இரண்டொரு நாளில் துவளும். "குறைஞ்சதை நிரப்பறது தப்பா தம்பி?" என்று ஓர் ஆச்சி கேட்டார். தப்பில்லை ஆச்சி, ஆனால் மேலே உள்ள வேர் நனையாத அளவுக்குத்தான். வாளியில் அந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

ஊரணித் தண்ணீரையும் திறந்த கிணற்றுத் தண்ணீரையும் அப்படியே ஊற்றாதீர்கள். குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் பித்தியம் வந்து சேரும் வழிகளில் அதுவும் ஒன்று. கூரையிலிருந்து பிடித்து மூடி வைத்த மழைத்தண்ணீர் நல்லது.

அழுகல் வந்துவிட்டதா? செடியை எடுத்து, ஓடும் தண்ணீரில் அலசி, வழவழப்பான வேரை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் வெட்டுங்கள். வேர் எவ்வளவு போனதோ அதற்கேற்ப இலையையும் குறையுங்கள். பழைய கரைசலைக் கொட்டிவிடுங்கள், நாற்றங்கால் பக்கம் மட்டும் வேண்டாம். வாளியை, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாக அலசிக் காயவிடுங்கள். புதுக் கரைசல் பாதி உரத்தோடு போதும். மீன்தொட்டிக்கு வைக்கும் காற்று பம்ப் ஒன்றைப் போடுங்கள். மருந்து என்று பார்த்தால் அதுதான் முதல் மருந்து.

ஹைட்ரஜன் பெராக்சைடு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 3 சதவீதக் கரைசல் என்றால் லிட்டருக்கு 2 முதல் 3 மில்லி. நம் மருந்துக்கடைகளில் 6 சதவீதமும் கிடைக்கும், அதற்கு அளவில் பாதி. லேபிளைப் படிக்காமல் ஊற்றினால் மிஞ்சிய வேரும் வெந்துவிடும். அது நல்ல நுண்ணுயிரையும் சேர்த்தே கொல்லும் என்பதால் சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா போன்ற, நோயை அடக்கும் நுண்ணுயிர்களை அதே நாளில் போடக் கூடாது. மூன்று நாள் கழித்துப் போடுங்கள். சூடோமோனாஸ் பொடி என்றால் ஊறவைத்து வடிகட்டிய தெளிவை மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் பம்ப் அடைத்துக்கொள்ளும்.

தண்டின் அடியே கொழகொழத்துவிட்டால் வேரோடு மல்லுக்கட்ட வேண்டாம். கீரை என்றால் பிடுங்கிப் போடுங்கள். மணி பிளாண்ட், கோலியஸ், கற்பூரவல்லி என்றால் பழுதில்லாத மேல்தண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டிப் புதிதாகத் தொடங்கலாம். ஒன்றிரண்டு கணு மட்டும் தண்ணீரில் இருந்தால் போதும். மூழ்கும் இலையை முன்பே கிள்ளிவிடுங்கள், துண்டுகளில் அழுகல் பெரும்பாலும் அந்த இலையில்தான் தொடங்குகிறது. கோடையில் நான்கைந்து நாளுக்கொரு முறை தண்ணீரை மாற்றுங்கள். பால் வடியும் செடி என்றால், வெட்டுவாய் சில நாள் நிழலில் காய்ந்த பிறகு ஊன்றுவதே நல்லது, தண்ணீர் வேண்டாம். தேங்காய் நார்த்தூளில் ஊன்றுபவர்கள் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். சில சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் இன்னும் உலரவிடுங்கள்.