இடிந்த கோபுரத்தின் உச்சியைக் கவனியுங்கள்

வட பிரான்சின் எய்ன் மாவட்டத்தில், கூசி-லெ-ஷாத்தோ என்ற சிற்றூரின் மேட்டில், ஏறக்குறைய 54 மீட்டர் உயரமும் 31 மீட்டர் விட்டமும் கொண்ட வட்டக் காவற்கோபுரம் ஒன்று இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வூர்ப் பிரபு மூன்றாம் ஆங்கெரான் எழுப்பிய அது, 1692ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் விரிசல் கண்டும் விழவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கட்டடக்கலைஞர் வியொல்லே-லெ-தூக் அதனை இரும்புப் பட்டைகளால் இறுக்கிக் கட்டினார். 1917 மார்ச்சில், பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஏறக்குறைய 28 டன் வெடிமருந்தை வைத்து அதைத் தகர்த்தது. அடிப்பகுதியும் கற்குவியலும் எஞ்சின. சுற்றிலும் மதிலும் மூலைக் கோபுரங்களும் சிதைந்த நிலையில் நிற்கின்றன.

பார்க்க வருவோர் அந்தத் தகர்ப்பைப் பற்றியே கேட்கிறார்கள். பழைய கற்கட்டடங்களைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கோ, எஞ்சிய சுவரின் திறந்து கிடக்கும் உச்சிதான் கவலை தருகிறது. இத்தகைய சுவர்களில் உள்ளும் புறமும் செதுக்கிய கற்கள் முகமாக அடுக்கப்பட்டிருக்கும். இடையில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொட்டி நிரப்பப்பட்டிருக்கும். கூரையும் மேல்வரிசைக் கற்களும் போனபின் மழைநீர் நேராக அந்த நிரப்புக்குள் இறங்கிச் சாந்தைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. உறையும்போது நீரின் கன அளவு ஏறக்குறைய 9 விழுக்காடு பெருகுவதால், குளிர்காலந்தோறும் முகக்கற்கள் உள்ளிருந்து வெளியே தள்ளப்படுகின்றன. ஒருநாள் சுவரின் தோல் வயிறு தள்ளிச் சரிந்துவிடுகிறது.

இதைத் தடுக்கும் நல்லெண்ணத்தில் கல் இடுக்குகளில் சிமெண்ட் பூசுவதே நான் அடிக்கடி காணும் கேடு. முதலாண்டுப் புகைப்படத்தில் அது நேர்த்தியாகத்தான் இருக்கும். ஆனால் சிமெண்ட், மென்மையான சுண்ணாம்புக் கல்லைவிடக் கடினமானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாதது; எனவே உள்ளே சிக்கிய நீரும் உப்பும் கல்லின் வழியாகவே வெளியேற முயல, கல்லின் முகம் பொரிந்து உதிர, சிமெண்ட் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். சுண்ணாம்புச் சாந்தே அங்கு உகந்தது.

செடிகொடிகள் எல்லாவற்றையும் பகையாக எண்ண வேண்டியதில்லை. சுவர் உச்சியில் மண்ணோடு படர்ந்த மெல்லிய புல்வெளி நீரையும் உறைபனியையும் ஓரளவு தாங்கிக்கொள்கிறது; இதை அறிந்து புல்தரையைத் திட்டமிட்டே பதிப்பதும் உண்டு. மரக்கன்றுகளை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. சுவரைப் பற்றி ஏறும் ஐவி என்னும் கொடி வேர்விட்டிருக்க, அதை உயிரோடு பிடுங்கினால் சாந்தும் கல்லும் கூடவே வரும் என்பதால், அடியில் வெட்டிவிட்டு, அது காய்ந்தபின் மெல்ல அகற்ற வேண்டும்.

கீழே விழுந்த கற்களை எடுத்துச் செல்லாதீர்கள். உளித்தடமும் கொத்தர் குறியும் உள்ள கல், அது எந்த வரிசையில் இருந்தது என்பதற்குச் சான்றாகலாம். தொல்பொருள் தேடி உலோகம் கண்டறியும் கருவியைப் பயன்படுத்தப் பிரான்சில் அரசு அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னமாக வகைப்படுத்தப்பட்ட கோபுரம் உங்கள் நிலத்திலேயே இருந்தாலும், பழுதுபார்க்குமுன் அனுமதி பெற்றாக வேண்டும். அதற்குக் காத்திருக்கும் காலத்தில், குளிர்காலம் முடிந்ததும் ஒரே இடத்திலிருந்து சுவரைப் படமெடுத்து, முந்தைய ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டு, புதிய புடைப்பு தென்படும் பகுதிக்குக் கீழே எவரும் நடமாடாதவாறு வேலியிட்டு வையுங்கள்.