எலிக்கிட்டி வைக்க வயலில் இறங்கும் முன்

மூங்கில் எலிப்பொறியான தஞ்சாவூர் கிட்டியைக் கட்டவும் எலி வளை பார்க்கவும் காவிரி டெல்டாவில் எலி பிடிப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசகனாக நான் சமாதானம் பேசப் போகும் தகராறுகளில் பாதி, "யாரைக் கேட்டு இறங்கினே?" என்றுதான் ஆரம்பிக்கும்.

இங்கே பட்டா ஒருவர் பேரில் இருக்கும், சாகுபடி வேறொருவர் செய்வார். கோயில் நிலமும் மடத்து நிலமும் குத்தகையில் நடப்பவை. சென்னையில் இருக்கும் பட்டாதாரர் போனில் "பிடிச்சுக்கப்பா" என்று சொன்னது போதாது. கடன் வாங்கி நட்டவர் யாரோ, அவரிடம் நேரில் கேளுங்கள். பக்கத்து வயல்காரர் காதிலும் போட்டு வையுங்கள். எலிக்கு ஏது எல்லைக்கல்? ஒருவர் மட்டும் கிட்டி வைத்தால் அடுத்த வயல் எலி வந்து குடியேறிவிடும். ஒரே வாய்க்காலில் பாயும் நிலத்துக்காரர்கள் சேர்ந்து, பயிர் பொதி கட்டும் முன்பே, அதாவது கதிர் தண்டுக்குள் திரளும் முன்பே, ஒரே வாரத்தில் ஆள் விட்டால்தான் பலன்.

வரப்பு விஷயம் இதைவிடப் பெரிது. கரம்பை எலியின் வளை கிளை கிளையாக ஓடும். மண்வெட்டியும் பின்னாலேயே போகும். எலி கிடைத்ததும் அப்படியே விட்டுப் போனால் அன்றிரவே மேல்வயல் தண்ணீர் கீழ்வயலில் நிற்கும். சண்டை அவர்கள் இருவருக்கும், வசவு உங்களுக்கு. வெட்டிய மண்ணை மிதித்து அடைத்து, சேறு பூசி, வயல்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுப் போகிறவரை அடுத்த போகத்தில் அவரே தேடி வருவார். சம்பாப் பயிருக்குள் உளுந்து தெளித்திருந்தால் வயலுக்குள் இறங்கவே வேண்டாம்.

கூலி எலிக் கணக்கா, கிட்டிக் கணக்கா, வளைக்குள் கிடைக்கும் நெல் யாருக்கு என்பதையெல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள். வழக்கம்தானே என்று நீங்களாக மூட்டை கட்டினால் திருட்டுப் பட்டம் வரும்.

நிலத்துக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. துத்தநாக பாஸ்பைடோ புரோமோடையலோனோ, எந்த எலி மருந்து வைத்த வயல் என்றாலும் மறைக்காதீர்கள். பிடித்த எலியைச் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் உண்டு. புரோமோடையலோன் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் ஓடியாடித் திரியும். பார்வைக்கு நல்ல எலிதான், ஆனால் உணவுக்கு ஆகாது. அதைத் தின்னும் கூகைக்கும் ஆபத்து. "மருந்து வச்சிருக்கீங்களாய்யா?" என்று கேட்கக் கூசுகிறவர்கள் நிறையப் பேர், அதனால் நீங்களே முந்திச் சொல்லுங்கள். எலிக்கு மின்கம்பி இழுப்பது சட்டவிரோதம் என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் இழுக்கிறார்கள். இருட்டோடு கிட்டி எடுக்க வருகிறவர் உயிர் அதில் போகும்.

கிட்டியோடு வலையும் கொண்டுவந்து கொக்கு, நீர்க்கோழி பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வளையில் சாரை இருந்தாலும் அடிக்கக் கூடாது. எலியைத் தின்று நமக்கு உதவுகிற பாம்பு அது. எலிக்கு மட்டும்தான் அனுமதி என்று முதலிலேயே சொல்லுங்கள். வலை கண்ணில் பட்டால் அன்றோடு ஆளை நிறுத்திவிடுங்கள்.