துண்டு போட்டு இடம் பிடிக்கும் மருந்து

சிப்பி ஓட்டையே கடித்து நொறுக்கும் பல் கடல் நீர்நாய்க்கு. சுறா கடித்த காயத்தைத் தைப்பதானாலும், உடம்பில் படிந்த எண்ணெயைக் கழுவுவதானாலும் முதலில் மயக்க ஊசி போட்டாக வேண்டும். கலிஃபோர்னியா, அலாஸ்கா கடற்கரைகளில் கால்நடை மருத்துவர்கள் இதற்குக் கலந்து போடுவது ஃபென்டனிலும் மிடாசோலமும். ஒன்று வலி தெரியாமல் கிறங்க வைக்கும். மற்றது முறுக்கேறிய தசையைத் தளர்த்தும்.

ஃபென்டனில் அளவு கிலோவுக்குச் சுமார் 0.2 மில்லிகிராம். 25 கிலோ விலங்குக்கு 5 மில்லிகிராம். மனிதருக்கு வலி குறைய ஒரு தடவையில் 0.1 மில்லிகிராமே பெரும்பாலும் போதும். ஊசி தவறி மருத்துவரின் விரலில் ஏறினால் அவர் மூச்சே நின்றுவிடலாம்!

நீர்நாய் மயங்கியபின் பயம் சூட்டைப் பற்றித்தான். சீலுக்கு இருப்பதுபோல் தோலுக்கடியில் கொழுப்புப் படலம் இதற்குக் கிடையாது. குளிர்கடலில் காப்பது ரோமமும் அதற்குள் சிக்கிய காற்றும்தான். நம் தலை முழுக்க இருக்கும் அளவு முடி, இதற்கு ஒரே சதுர சென்டிமீட்டரில் இருக்கிறது. வலையில் போராடிக் கரையேறிய உடம்புக்கு அந்த ரோமமே வேகவைக்கும் கம்பளி. அதனால் ரோமம் குறைந்த பின்கால் துடுப்புகளில் ஐஸ் வைத்தபடி, உடல்வெப்பத்தை விடாமல் பார்க்கிறார்கள்.

எண்ணெயில் நனைந்த நீர்நாய்க்கோ ரோமம் ஒட்டிக்கொண்டு, காற்று வெளியேறி, உடம்பு சில்லிட்டுப்போகும். 1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது 350க்கும் மேற்பட்ட நீர்நாய்களைப் பிடித்துவந்து கழுவினார்கள். எல்லாம் பிழைக்கவில்லை.

இந்த வைத்தியத்தில் என்னை நெகிழவைப்பது எழுப்பும் ஊசிதான். அரைமயக்கத்தில் கடலில் விட்டால் மூழ்கிவிடும். அந்த எழுப்பும் மருந்தான நால்ட்ரெக்ஸோன், மூளையில் ஃபென்டனில் உட்கார்ந்திருக்கும் இடங்களிலிருந்து அதைக் கிளப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும்; ஆனால் மயக்காது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, ஃபென்டனில் உடம்பைவிட்டுக் கரையும்வரை அந்த இடத்தை விட்டுக்கொடுக்காது. குறைந்த நேரமே தாங்கும் மருந்தைப் போட்டிருந்தால், எழுந்து நீந்திப்போன நீர்நாய் நடுக்கடலில் மறுபடி மயங்கக்கூடும்.

மிடாசோலத்தை முறிக்க ஃப்ளூமாசெனில். சில நிமிடங்களில் தலை நிமிரும், மீசை அசையும். தண்ணீரில் விட்டதும் அது உருண்டு புரண்டு ரோமத்தைக் கோதி, வாயால் ஊதி ஊதி, உள்ளே காற்றை ஏற்றத் தொடங்குகிறது.