தற்பரிவா, தன்னிரக்கமா?

தன்னிடமே கனிவாக இருப்பதை ஆங்கிலத்தில் 'செல்ஃப் கம்பாஷன்' என்கிறார்கள். அதைத் தமிழில் எழுதும்போது பலரும் 'தன்னிரக்கம்' என்று போட்டுவிடுகிறார்கள். காரியம் அங்கேயே கெட்டுவிடுகிறது. தன்னிரக்கம் என்பது 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று மூலையில் உட்கார்ந்து புலம்புவது. இரங்கு என்ற வினையிலேயே அழுகையின் ஈரம் உண்டு. நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல்தான். இன்றைக்கும் சாவு வீட்டுக்கு அனுப்புவது இரங்கல் செய்தி.

'கம்பாஷன்' லத்தீனிலிருந்து வந்தது: கூட நின்று துன்பப்படுதல் என்று பொருள். அதைத் தன் பக்கம் திருப்பி, அளந்து பார்க்கக்கூடிய உளவியல் கருத்தாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப். 2003இல் வந்த அவருடைய கட்டுரைகள் மூன்று கூறுகளைச் சொல்கின்றன: தன்னைக் கனிவாக நடத்துவது, தவறும் வலியும் எல்லாருக்கும் உள்ளதுதான் என்று உணர்வது, அந்த வலியை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் பார்ப்பது. 'எல்லாருக்கும் உள்ளதுதான்' என்கிற இடத்தில் 'எனக்கு மட்டும்' எப்படிப் பொருந்தும்?

என் ஓட்டு 'தற்பரிவு'க்கு. தன் + பரிவு. தற்காப்பு, தற்பெருமை போன்ற புணர்ச்சிதான். பரிதல் என்றால் அன்பு கொள்வது, பிறர் வலிக்கு வருந்துவது இரண்டும். 'பால்நினைந் தூட்டும் தாயினும் சாலப் பரிந்து' என்கிறது திருவாசகம். பிள்ளை கேட்குமுன்பே பசியை நினைத்து ஊட்டிவிடுகிற தாய். அவளையும் விஞ்சிய பரிவு. 'தற்கருணை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். கருணை மேலிருந்து கீழே இறங்குவது. தனக்குத்தானே அதைக் காட்டினால் சற்று நாடகமாகத் தெரிகிறது எனக்கு.

இதன் கூடப்பிறப்பு 'செல்ஃப் அக்செப்டன்ஸ்'. தன்னேற்பு என்றால் போதும். ('ஏற்பது இகழ்ச்சி' என்ற ஔவை பிச்சை எடுப்பதைத்தான் சொன்னாள், பயப்பட வேண்டாம்.)

இதெல்லாம் ஏட்டுச் சொல். எங்கள் குமரி மாவட்டத்து வாயில் இதற்கு ஏற்கெனவே ஒன்று உண்டு: சாரமில்ல. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண். மலையாளத்தோடு பங்குபோட்ட பேச்சு. சாரம் என்றால் இங்கே கனம், பெரிய விஷயம். ஆக, 'அது ஒண்ணும் பெரிசில்ல'. இந்தப் பக்கம் கைலிக்கும் சாரம் என்றே பெயர் என்பதால் வெளியூர்க்காரர் திகைப்பதும் உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை பால் தூக்கைக் கைதவறிப் போட்டுவிட்டு முழித்தது. "சாரமில்ல மக்களே, பைய தொடச்சிரலாம்" என்றேன். ஒற்றைப் பிள்ளையானாலும் எங்களுக்கு மக்களேதான். பத்து நிமிடம் கழித்துத் தீயலுக்கு, அதாவது வறுத்த தேங்காயை அரைத்து வைக்கிற எங்கள் ஊர்க் குழம்புக்கு, தேங்காய் வறுத்தேன். சிறுதீயில் காப்பிப்பொடி நிறம் வரும்போது இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் கசக்கும். போன் அடித்தது, எடுக்கப் போனேன், சட்டி புகைந்தது. "சவம், ஒண்ணுக்கும் கொள்ளாதவ" என்று என்னை நானே வைதேன்.

அந்தப் பிள்ளை இன்னும் அடுக்களை வாசலில்தான் நின்றது. "சாரமில்ல அத்தே" என்றது.

கருகினதைத் தட்டிவிட்டு இன்னொரு தேங்காயை உடைத்தேன்.